நாற்றமடிக்காத ஆறு டியூப்கள்

என் தங்கை வேலை முடிந்து வரும்போது அவளுக்கு முன்னால் அவள் நாற்றம் படியேறி வரும். கெட்டுப்போன வெண்ணெய், குழந்தை கக்கிய பால், நனைந்து காயாத செருப்பு, மூன்றையும் ஒரு டப்பாவில் அடைத்து வெயிலில் வைத்துத் திறந்தால் எப்படி இருக்குமோ அப்படி. நான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பத்தொன்பது வருடமாக அழுக்குத் துணி பிரிக்கிறவள். சீழ், ரத்தம், வாந்தி எதற்கும் முகம் சுளித்ததில்லை. எனக்கே குமட்டும்.

என் வீட்டுக்காரர் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டே கேட்பார்: "வாம்மா. இன்னிக்கு எத்தனை பேரு பஸ்ஸ விட்டு எறங்கி ஓடினாங்க?"

"ரெண்டு பேர்தான் மாமா. ஆனா ஒரு முழு சீட்டு கெடைச்சுது. கால நீட்டிக்கிட்டு வந்தேன்."

அந்த நாற்றத்துக்குப் பெயர் சோடியம் பியூட்டிரேட். பார்த்தால் சாதுவான வெள்ளைப் பொடி. அவள் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் அது இல்லாமல் எதுவும் நடக்காது. அது எதற்கு என்று எனக்குப் பிடிபட இரண்டு வருடம் ஆனது. நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். அவளை டிப்ளமா வரை படிக்க வைத்தேன், அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. இங்கே எழுதியிருக்கிற அறிவியலை அவளிடம் காட்டி மூன்று இடத்தில் திருத்தி வாங்கியிருக்கிறேன்.

நம் உடம்பில் அநேகமாக எல்லா உயிரணுவுக்குள்ளும் ஒரே டி.என்.ஏ. இழைதான் இருக்கிறது. நீட்டிப் பிடித்தால் ஓர் ஆளின் உயரத்தை விட நீளம். மரபணுக்கள் எல்லாம் அதில்தான் வரிசையாக இருக்கின்றன. கண்ணுக்கு வேண்டியதும் இருக்கும், ஈரலுக்கு வேண்டியதும் இருக்கும். அப்படியானால் கண் ஏன் ஈரலின் வேலையைச் செய்வதில்லை? ஒருநாள் அவள் என்னைக் கூட்டிப்போகச் சலவைக்கூடத்துக்கு வந்திருந்தபோது கேட்டேன். அவள் என் பின்னால் இருந்த துணி அலமாரியைக் காட்டினாள்.

"எல்லா வார்டு துணியும் இங்கதான இருக்கு? கண் வார்டுலேர்ந்து ஆள் வந்தா எந்த மூட்டைய அவுப்ப?"

"கண் வார்டுன்னு சீட்டு தொங்குறத."

"மத்தது?"

"கட்டினபடி கெடக்கும்."

"அவ்வளவுதான்க்கா. அவுத்தது வேலை செய்யும், கட்டினது தூங்கும்."

அந்த நீள இழை சும்மா குவிந்து கிடப்பதில்லை. ஹிஸ்டோன் என்ற புரதங்களால் ஆன சின்னச் சின்ன உருண்டைகளில், ராட்டையில் நூல் சுற்றுவதைப் போல, சுற்றிக் கிடக்கிறது. ஒவ்வொரு உருண்டையிலிருந்தும் வால் மாதிரி சில நுனிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வாலில்தான் சீட்டு. அசெட்டைல் என்று ஒரு ஒட்டு உண்டு. அது ஒட்டினால் சுற்று தளரும், அந்த இடத்து மரபணுவைப் படிக்க வழி கிடைக்கும், மரபணு விழிக்கும். அதைப் பிய்த்துவிட்டால் சுற்று இறுகும், மரபணு தூங்கிவிடும். மீத்தைல் என்று இன்னொரு ஒட்டு. அது வாலில் எந்த இடத்தில் உட்காருகிறது என்பதைப் பொறுத்துச் சில சமயம் திற என்னும், சில சமயம் பூட்டு என்னும். மரபணுவின் எழுத்து ஒன்றுகூட மாறுவதில்லை. சீட்டு மட்டும்தான் மாறுகிறது. ஒட்டுவதற்கென்று சில நொதிகள், பிய்ப்பதற்கென்று சில நொதிகள், உயிரணுவுக்குள் இரவுபகலாக அதே வேலையாக இருக்கின்றன.

சிக்கல் அந்தப் பிய்க்கிற கூட்டத்தால்தான். ஒட்டு இருக்கிறதா என்று பார்க்க உயிரணுவை உடைத்து ஹிஸ்டோனை வெளியே எடுக்க வேண்டும். உடைத்த பிறகும் அந்த நொதிகள் சும்மா இருக்காது.

"வீடு இடிஞ்சு விழுந்தது தெரியாம உள்ள ஒருத்தி பாத்திரம் தேய்ச்சிக்கிட்டே இருந்தா எப்படி, அப்படி," என்பாள் தங்கை. ஐஸில் வைத்தாலும் மெதுவாகப் பிய்த்துக்கொண்டே இருக்குமாம். பியூட்டிரேட்டைக் கரைசலில் போட்டால்தான் அவற்றின் கை கட்டுப்படும். அதனால் உயிரணுவை உடைப்பதற்கு முன்பே அதைப் போட வேண்டும், ஒவ்வொரு முறையும், புதிதாக. பிறகு ஹிஸ்டோனைப் பிரித்தெடுக்க அமிலம் விடுவார்கள். அமிலம் பட்டதும் டியூபில் தங்கியிருக்கும் பியூட்டிரேட் முழு வீச்சில் நாறும். அந்த அறைக்குள் போகிறவர்கள் எல்லாம் சட்டையை மூக்குக்கு மேல் இழுத்துக்கொள்வார்கள்.

என் தங்கை மட்டும் முகர்ந்து பார்ப்பாள். பார்த்து எழுதி வைப்பாள். அவள் குறிப்பேட்டில் டியூப் எண், தேதி, நேரம், ஐஸ் என்று கட்டம் கட்டமாகப் போய்க் கடைசியில் அவளாகக் கோடு போட்டுக்கொண்ட ஒரு கட்டம் இருக்கும்: நாற்றம். அதில் 'உண்டு', 'உண்டு', 'உண்டு' என்று மூன்று வருடத்துக்கு எழுதியிருந்தாள். இதற்காக அவளுக்கு ஆய்வுக்கூடத்தில் 'மூக்கு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 'மூக்குள்ள வரைக்கும் சளி' என்று ஒருவன் அவள் காதுபட முணுமுணுப்பானாம்.

அப்படி முணுமுணுத்தவன் ஓர் ஆராய்ச்சி மாணவன். முப்பது வயது. அவன் வருவதற்கு முன்னால் அவன் பூசிய வாசனைத் திரவியம் வரும், அதனால் அவனுக்கு 'சென்ட்' என்று பெயர். அவர்கள் கூடத்தின் தலைவர் ஒரு பேராசிரியர். நான் ஒருமுறை வெள்ளைக் கோட்டுகளைக் கொடுக்கப் போனபோது அவரைப் பார்த்திருக்கிறேன். பேசிக்கொண்டே பேனா மூடியால் காதைக் குடைந்தார், மூடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், பிறகு அதே பேனாவால் எனக்கு ரசீதில் கையெழுத்துப் போட்டார். அந்த ரசீதை நான் நுனிவிரலால் பிடித்துக்கொண்டு வந்தேன்.

அவர்கள் ஒரு புது மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கட்டியை வளர்க்கிற மரபணு ஒன்று. அதன் ஹிஸ்டோன் வாலில் இருக்கும் அசெட்டைல் ஒட்டுகளை மருந்து பிய்த்துவிடும், மரபணு அணைந்துவிடும் என்பது பேராசிரியரின் நம்பிக்கை. மருந்து கொடுக்காத உயிரணுக்களை என் தங்கை உடைத்தாள். ஒன்று முதல் ஆறு வரை டியூப். மருந்து கொடுத்தவற்றை மறுநாள் சென்ட் உடைத்தான். ஏழு முதல் பன்னிரண்டு வரை. இரண்டு தொகுதிக்கும் அமிலம் விட்டது என் தங்கை. முதல் ஆறும் வழக்கம்போல் நாறின. அடுத்த ஆறும் நாறவில்லை.

அவள் தனக்குச் சளி பிடித்திருக்கிறதோ என்று வெளியே போய்க் கழிவறைச் சோப்பை முகர்ந்து பார்த்துவிட்டு வந்தாளாம். திரும்ப ஒவ்வொன்றாக முகர்ந்தாள். பிறகு கட்டத்தில் ஆறு முறை 'இல்லை' என்று எழுதினாள்.

அவனிடமே போய்க் கேட்டாள். அவன் ஒளிக்கவில்லை.

"அன்னிக்கு சாயங்காலம் எனக்கு ஒரு இன்டர்வியூ இருந்துச்சுங்க. அந்த எழவக் கைல பட வச்சிக்கிட்டு எப்படிப் போறது? அது சும்மா ஒரு காப்பு மாதிரிதான. ஐஸ்ல வச்சிருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"டீ குடிச்சிட்டு வர்ற நேரம். ஒரு மணி நேரம் இருக்கும். விடுங்க மூக்கு, யாருக்குத் தெரியப் போவுது."

ஒட்டு இருக்கிற டியூபுக்கெல்லாம் கறுப்புப் பட்டை விழுகிற சோதனைப் படம் வந்தது. மருந்து கொடுக்காத ஆறிலும் அசெட்டைல் ஒட்டுக்கான பட்டை கறுப்பாக, மை தீட்டியது போல. மருந்து கொடுத்த ஆறிலும் வெறுமை. மொத்த ஹிஸ்டோன் அளவு பன்னிரண்டிலும் ஒன்றுபோல இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஹிஸ்டோன் இருக்கிறது, ஒட்டுதான் போயிருக்கிறது, ஆகவே மருந்து வேலை செய்கிறது. பேராசிரியர் கேக் வாங்கி வரச் சொன்னார். காது குடைந்த கையாலேயே வெட்டி எல்லோருக்கும் ஊட்டினாராம். என் தங்கை வாயைத் திறக்கவில்லை.

கேக் முடிந்ததும் அறைக்குப் போய்ச் சொன்னாள். அவர் சிரித்தார்.

"நாத்தம் எல்லாம் ஒரு அளவாம்மா? எத்தனை கிராம் நாத்தம்னு எழுதினே?"

"சார், மருந்து பிய்ச்சுதா, டியூப்ல இருந்த நொதி பிய்ச்சுதான்னு நமக்குத் தெரியாது. திரும்ப ஒரு தடவ செஞ்சிடலாம் சார்."

"நாள் இல்ல. கட்டுரை போகணும், ஆஸ்பத்திரில பன்னெண்டு பேருக்குக் குடுத்துப் பாக்க அனுமதி கேட்டிருக்கேன். உன் பேரும் அஞ்சாவதாப் போட்டிருக்கேன், தெரியுமில்ல?"

அது எனக்குத் தெரியும். அச்சில் வரப்போகிற அந்த ஐந்தாவது பெயரைச் சலவைக்கூடத்தில் சொல்லாத ஆள் பாக்கியில்லை. இஸ்திரி போடுகிறவர், லிஃப்ட் ஓட்டுகிறவர், மூன்றாவது வார்டு ஆயா எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.

தங்கை விடுமுறை நாளில் தனியாகப் போய் மொத்தத்தையும் திரும்பச் செய்தாள். பன்னிரண்டு டியூப், பன்னிரண்டிலும் பியூட்டிரேட். அந்த வாரம் வீட்டில் அவள் துணியைத் தனி வாளியில் ஊறவைத்தோம். பன்னிரண்டு பட்டையும் ஒரே கறுப்பு. மருந்து ஓர் ஒட்டையும் பிய்க்கவில்லை. அது மரபணுவை அணைக்கவும் இல்லை, ஒரு மண்ணும் செய்யவில்லை.

அந்தப் படத்தைப் பேராசிரியர் பார்த்தார். மேசை இழுப்பறைக்குள் போட்டார். பிறகு இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று அவளுடைய வேலை நீட்டிப்புப் படிவம். அவர் கையெழுத்துப் போட்டால் இன்னும் மூன்று வருடம். இன்னொன்று வெற்றுக் குறிப்பேட்டுத் தாள்.

"அந்தப் பக்கத்த அழகா இதுல திருப்பி எழுதிடு. கடைசிக் கட்டம் வேண்டாம். எல்லாக் கரைசல்லயும் பியூட்டிரேட் சேத்ததா ஒரு வரி போட்டுடு. மாசக் கடைசிக்குள்ள குடுத்தாப் போதும்."

வீட்டுக்கு வந்து அவள் இதைச் சொன்னபோது நான் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன். இப்போது எழுதும்போதும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. நான் சொன்னது இதுதான்: "ஒரு வரிதான. எழுதிக் குடுத்துட்டுப் போ. வேலை முக்கியமில்லையா? பேரு வேற வருது."

அவள் கோபப்படவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தலையணை உறையை எடுத்து மடித்தாள்.

"அக்கா, பன்னெண்டு பேருக்குக் குடுக்கப்போறது உங்க ஆஸ்பத்திரில. வேற மருந்த நிறுத்திட்டு இதக் குடுப்பாங்க. இது ஒண்ணும் செய்யாது. கட்டி மட்டும் வளரும். அவங்க பெட்ஷீட்ட நீதான் எடுப்ப."

என் வீட்டுக்காரர்தான் பேசினார்.

"அந்தாளு பேனாவத் தொட்டாலே கைய டெட்டால் போட்டுக் கழுவணும்னு சொல்லுவியே. அந்தப் பேனாவுல போட்ட கையெழுத்து இவளுக்கு எதுக்கு?"

மாசக் கடைசியில் அவள் ஒரு தாள் கொடுத்தாள். 'ஏழு முதல் பன்னிரண்டு வரையிலான டியூப்களில் பியூட்டிரேட் இல்லை. கட்டுரையிலிருந்து என் பெயரை எடுத்துவிடவும்.' அவ்வளவுதான். நீட்டிப்புப் படிவம் கையெழுத்தாகாமல் வந்தது. அவள் தன் பேனா, தண்ணீர் பாட்டில், குறிப்பேட்டுப் பக்கங்களின் நகல், தான் திரும்பச் செய்த படத்தின் நகல் நான்கையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். அவளுக்கு விடைகொடுக்க ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஐஸ் இயந்திரத்தைத் துடைக்கிற அம்மா மட்டும் வாசல்வரை வந்தாராம்.

நான்கு மாதம் கழித்துக் கட்டுரை வந்தது. சமையல் மேடையில் போனைச் சாய்த்து வைத்து அவள் எனக்கு அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். செய்முறை என்ற பகுதியில் ஒரு வரி: 'ஒவ்வொரு கட்டத்திலும், எல்லாக் கரைசல்களிலும் சோடியம் பியூட்டிரேட் சேர்க்கப்பட்டது.' நான் அந்த வரியைத் திரும்பப் படிக்கச் சொன்னேன். படித்தாள். பிணவறைத் துணி நாறினால் அது தன்பாட்டில் நாறுகிறது. இவர்கள் நாற்றத்தை இஸ்திரி போட்டு மடித்துக் கொடுக்கிறார்கள்.

அன்றைக்கே அந்தப் பத்திரிகைக்கு அவள் ஒரு கடிதம் எழுதினாள். திட்டு இல்லை, அழுகை இல்லை. தேதி, டியூப் எண், குறிப்பேட்டின் நகல், தான் திரும்பச் செய்து எடுத்த படத்தின் நகல். முழுப் படங்களையும் அசல் குறிப்பேட்டையும் கேட்டுப் பாருங்கள் என்று ஒரு கோரிக்கை. எண்களை நான் நகலோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுச் சரி பார்த்தேன். பத்தாவது டியூபின் நேரத்தை மாற்றி அடித்திருந்தாள், திருத்தினோம்.

நாற்பத்து மூன்று நாள் ஒன்றும் இல்லை. நாற்பத்து நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் திறந்தால் சென்ட் நிற்கிறான். அந்தப் பூ வாசனை கெட்டுப்போன வெண்ணெயை விட எனக்கு மோசமாகப் பட்டது.

"அக்கா, உங்க தங்கச்சியப் பாக்கணும்."

"நான் உங்களுக்கு அக்கா இல்ல. என்ன விஷயம்?"

"பத்திரிகைலேர்ந்து எல்லாம் கேட்டிருக்காங்க. சார் எல்லாம் நான் செஞ்சதுன்னு எழுதிட்டாரு. எனக்கு பட்டம் போயிடும்க்கா. அந்த நாத்தக் கட்டம் அவங்க சொந்தப் பழக்கம், அத நம்ப வேண்டியதில்லன்னு ஒரு கடிதம் அவங்க குடுத்தாப் போதும்."

"செய்யறதையும் செஞ்சிட்டு, மோந்து பாத்தவ மேலேயே பழிய வக்க வந்தீங்களா?" என்று கதவைச் சாத்தப் போனேன். உள்ளிருந்து தங்கை வந்து கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள வாங்க. உக்காருங்க."

அவன் உட்கார்ந்தான்.

"கடிதம் தர மாட்டேன்," என்றாள் அவள். "ஒண்ணு செய்யலாம். நீங்களே உங்க கையால திரும்பச் செய்யுங்க. பன்னெண்டு டியூப். பியூட்டிரேட் போட்டு ஒரு தடவ, போடாம ஒரு தடவ. ரெண்டையும் அனுப்புங்க. என்ன வருதோ அத எழுதுங்க. வேணும்னா நான் வந்து பக்கத்துல நிக்கறேன்."

"சார் விட மாட்டாரு."

"சார் உங்களத்தான் மாட்டி விட்டிருக்காரு. இன்னும் அவர்கிட்டயா கேக்கப் போறீங்க?"

அவன் எழுந்து, சார் ஊரில் இல்லாத ஒரு நாளைச் சொன்னான். எனக்கு அவன் மேல் ஒரு துளி இரக்கமும் வரவில்லை. அவளுக்கு வந்தது. அவள் அப்படித்தான். எனக்கு அது பிடிக்கவும் இல்லை, அதைச் சொல்லாமல் விடவும் முடியவில்லை.

பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு அவள் போனாள். ஒன்றையும் தொடவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாளாம். அவன் முதன்முறையாகத் தன் கையால் அந்தப் பொடியை நிறுத்துக் கொட்டினான். அமிலம் விட்டபோது தொட்டிக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தான். வந்து மீதி டியூப்களை முடித்தான். பியூட்டிரேட் போட்ட தொகுதியில் பன்னிரண்டு பட்டையும் இருந்தன. போடாத தொகுதியில், மருந்து கொடுத்ததிலும் கொடுக்காததிலும், ஒன்றுகூட இல்லை. அந்தப் படத்தை அவனே பத்திரிகைக்கு அனுப்பினான். அவளுக்கும் ஒரு நகல் வந்தது.

கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். பன்னிரண்டு பேருக்குக் கொடுக்கும் திட்டமும் நின்றது. அறிவிப்பில் இருந்தது இது: 'செய்முறையில் நேர்ந்த ஒரு சிறு கவனக்குறைவை ஆசிரியர்களே கண்டறிந்தனர்.' சிறு கவனக்குறைவாம். ஆசிரியர்களே கண்டறிந்தார்களாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள், கண்டுபிடித்தவுடன் பூசணிக்காயை நாங்கள்தான் தேடித் தந்தோம் என்கிறார்கள். பேராசிரியர் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். சென்ட்டுக்குப் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனதே தவிரப் பறிபோகவில்லை. என் தங்கையை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. அவள் இப்போது குடிநீர் பரிசோதனைக்கூடத்தில் இருக்கிறாள். பஸ்ஸில் பக்கத்தில் ஆட்கள் உட்காருகிறார்கள். ஹிஸ்டோனைப் பற்றிப் புதிதாக என்ன வந்தாலும் தேடிப் படிக்கிறாள்; வேலை கேட்டு வேறு இரண்டு ஆய்வுக்கூடங்களுக்கு எழுதியிருக்கிறாள். முன்வேலையை ஏன் விட்டீர்கள் என்ற கேள்விக்கு உள்ளதை உள்ளபடி எழுதுகிறாள். ஒரு இடத்திலிருந்து வேண்டாமென்று வந்துவிட்டது. மற்றது இன்னும் வரவில்லை.

போன வாரம் ஆஸ்பத்திரியின் பின்பக்கத் தாழ்வாரத்தில் நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். தொற்றுநோய் வார்டின் துணி, ஏழு மூட்டை. எதிரே பேராசிரியர், கூட இரண்டு பேர். என்னை அடையாளம் கண்டு நின்றார்.

"தங்கச்சி சௌக்கியமா? நல்ல திறமையான பொண்ணு. கொஞ்சம் அவசரப்பட்டுட்டா."

அவரிடம் சொல்ல வேண்டிய வார்த்தைகளை எத்தனையோ மாதமாக மனசுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அதில் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

"சௌக்கியம் சார். கொஞ்சம் ஒதுங்குங்க, வண்டி போகணும்."

தாழ்வாரம் அங்கே குறுகல். அவர் சுவரோடு சுவராக ஒட்டி நின்று கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் வண்டியை மெதுவாகத்தான் தள்ளினேன்.